மாலை போடும் 41 நாளும் தலை மருந்தும்

ஆரியங்காவு பக்கம் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 29. நெற்றி இரண்டு பக்கமும் ஏறி, உச்சியும் மெலிந்துவிட்டதால் 14 மாதமாக 5 சதவீத மினாக்சிடில் காலையும் இரவும் ஒவ்வொரு மி.லி. தடவுகிறார், ஃபினாஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை தினம் ஒன்று போடுகிறார். நல்ல பலன். இந்த வருடம் சபரிமலைக்குக் கன்னிசாமியாக மாலை போடப் போகிறார். குருசாமி, "வாசனை, தைலம், சாராயம் கலந்தது எதுவும் உடம்பில் படக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஆல்கஹால் என்று போட்டிருக்கிறது. "அண்ணாச்சி, 41 நாள்தானே, இரண்டையும் நிறுத்திவிட்டு மலைக்குப் போய் வந்து தொடரலாமா? அதற்குள் முடி கொழிஞ்சிருமா?" இதுதான் கேள்வி.

கொட்டுது என்று சொல்லாமல் கொழியுது என்று எழுதியதிலேயே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டையில் என் மருந்துக்கடையிலும் பாதிப் பேர் அப்படித்தான் சொல்வார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 41 நாளில் பெரிதாக ஒன்றும் கொட்டாது. கொட்டுவது தையிலும் மாசியிலும். அப்போது நீங்கள் மலைக்குப் போய்வந்து, மாலையைக் கழற்றி, மருந்தைத் திரும்ப ஆரம்பித்திருப்பீர்கள். "மருந்து போடாத கார்த்திகையில் ஒன்றும் ஆகவில்லை, திரும்பப் போட்டதும் கொட்டுகிறது, அப்படியானால் மருந்துதான் காரணம்" என்று தோன்றும். அத்தோடு பாட்டிலைத் தூக்கி எறிவீர்கள். கொஞ்ச நாள் நிறுத்தியதால் முடியை இழந்தவர்களைவிட, இப்படிக் கணக்குத் தப்பி மொத்தமாக நிறுத்தி இழந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அதில் நானும் ஒருவன். அதைக் கீழே சொல்கிறேன்.

முடி ஏன் இவ்வளவு தாமதமாகப் பதில் சொல்கிறது? தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடி. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளரும், பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கும், அதன்பின் சுமார் 3 மாதம் வளராமல் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும், கடைசியில் விழும். வளர்வதை நிறுத்திய நாளும் விழுகிற நாளும் ஒன்றல்ல. டெங்கு வந்தவருக்கு காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டுவதும், பிள்ளை பெற்ற பெண்களுக்குக் குழந்தை தலை நிற்கும் சமயத்தில் கொட்டுவதும் இதனால்தான்.

மினாக்சிடில் வந்த கதையே வேடிக்கை. அது ரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் மாத்திரையாக இருந்தது. விழுங்கியவர்களுக்குக் கை, முகமெல்லாம் ரோமம் முளைத்தது. பக்கவிளைவையே பயனாக்கித் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஆண்களின் வழுக்கைக்கு 2 சதவீதத் திரவம் அனுமதி பெற்றது. அது செய்வது இவ்வளவுதான்: சும்மா நிற்கிற முடியைச் சீக்கிரம் வளர்ச்சிக்குத் தள்ளும், வளர்கிற முடியை வளர்ச்சியிலேயே நீண்ட நாள் பிடித்து வைக்கும். வழுக்கையின் மூல காரணத்தை அது தொடுவதே இல்லை. பிடித்திருக்கும் கையை விட்டால், அதன் பலத்தில் நின்ற முடியெல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போகும். ஓய்வுக்குப் போனது மூன்று மாதம் ஒட்டவைத்ததுபோல நின்றுவிட்டுச் சேர்ந்தாற்போல விழும். மினாக்சிடிலை நிறுத்தினால் மூன்று நான்கு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று சொல்வதன் பொருள் இது.

உங்கள் தோட்டத்தில் தை மாதம் ரப்பர் இலை உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். முந்தின நாள்வரை மரத்தில்தான் இருந்தது. ஆனால் காம்பு எப்போதோ விட்டுப்போயிருக்கும். ரப்பருக்காவது சில வாரத்தில் தளிர் வந்துவிடும். முடிக்கு அப்படியில்லை, மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் நீளும். விழுந்த இடத்தில் மறுபடி முளைத்துக் கண்ணாடியில் தெரிய நான்கு முதல் ஆறு மாதம்.

இப்போது நாள் கணக்கு. கார்த்திகை 1, அதாவது நவம்பர் 17 வாக்கில் மாலை. மண்டல பூஜை டிசம்பர் 26, 27. திரும்பி வந்து மருந்தைத் தொடர்கிறீர்கள். நிறுத்தியதற்கான கொட்டல் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை எப்போது வேண்டுமானாலும் வரும். இதற்கு நடுவில் இன்னொன்று. மினாக்சிடிலைப் புதிதாகத் தொடங்கும்போது முதல் இரண்டு மாதத்துக்குள் ஒரு கொட்டல் உண்டு, பழைய முடியைத் தள்ளிக்கொண்டு புது முடி கிளம்புவதால். 14 மாதம் முன்பு உங்களுக்கும் வந்திருக்கும். இடைவெளி விட்டுத் தொடங்கினாலும் அது வரலாம். ஆக தை, மாசியில் இரண்டு கொட்டலும் ஒன்றன்மேல் ஒன்று. குளியலறையில் தண்ணீர் போகும் சல்லடையில் பூனைக்குட்டி சுருண்டு படுத்ததுபோல முடி கிடக்கும். பயமாகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் மருந்தை விடாமல் இருந்தால் வைகாசி, ஆனியில் பெரும்பாலும் பழைய அடர்த்திக்கு வந்துவிடலாம். அந்த இரண்டு மாதத்தைத் தாண்டுவதுதான் கஷ்டம்.

என் கதை இதுதான். 2017-ல் அப்பாவை திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம், ஐம்பது நாள். பெஞ்சில் படுக்கை, சொந்தத் தலை யாருக்கு ஞாபகம். ஊர் திரும்பி மருந்தைத் தொடங்கினேன். மூன்று வாரத்தில் தலையணை உறையெல்லாம் முடி. மருந்துக்கடை நடத்துகிறவன், பத்துப் பேருக்கு விளக்கம் சொல்கிறவன், எனக்கென்று வந்ததும் மற்றவர்களைப் போலத்தான் நினைத்தேன்: உடம்புக்கு இனி இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று. நிறுத்திவிட்டு எட்டு மாதம் இருந்தேன். பிறகு ஒரு தோல் மருத்துவர் கேள்வி கேட்டுத் தேதிகளை வரிசையாக எழுதிக் காட்டியபோதுதான் உறைத்தது. மறுபடி தொடங்கினேன். உச்சியில் வந்தது, நெற்றியில் போனது போனதுதான். ஐம்பது நாள் இடைவெளி மட்டும் என்றால் இவ்வளவு போயிருக்காது.

ஃபினாஸ்டரைடின் கணக்கு வேறு. டெஸ்டோஸ்டெரோனை டி.எச்.டி. என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றும் ஒரு நொதியை அது தடுக்கிறது. வழுக்கைக்கான மரபு உள்ளவர்களின் உச்சியில் மயிர்க்கால்களைச் சுருக்குவது அந்த டி.எச்.டி.தான். தினம் 1 மி.கி. போட்டால் ரத்தத்தில் அது சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறையும். மாத்திரையே ஐந்து ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும், ஆனால் அது நொதியை இறுகப் பிடித்துக்கொள்வதால் வேலை நாள்கணக்கில் நீடிக்கும். நிறுத்தினால் சுமார் இரண்டு வாரத்தில் டி.எச்.டி. பழைய அளவுக்குத் திரும்பும். அதற்கப்புறமும் மயிர்க்கால் ஒரே நாளில் சுருங்கிவிடாது. பெற்ற பலன் முழுவதும் போக ஒரு வருடம்வரை ஆகும். 41 நாளில் முதல் இரண்டு வாரத்தைக் கழித்தால், டி.எச்.டி. முழு அளவில் இருப்பது கிட்டத்தட்ட நான்கு வாரம். அதில் கண்ணுக்குத் தெரியும் இழப்பு வருவது அபூர்வம். இரண்டில் ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், நிறுத்தினால் சீக்கிரம் கொட்டச் செய்வது மினாக்சிடில், பொறுத்துக்கொள்வது ஃபினாஸ்டரைடு.

நடுவில் ஒரு விஷயம். விரதத்தில் தாடி வளர்ப்பீர்கள் அல்லவா? தாடியை அடர்த்தியாக்குவதும் உச்சியைச் சொட்டையாக்குவதும் அதே டி.எச்.டி.தான். ஒரே ஹார்மோன் முகத்தில் ஒரு வேலை செய்கிறது, தலையில் நேர்மாறு. 41 நாள் தாடியோடு பளபளவென்ற முன்தலையும் கொண்ட சாமிகளைக் குற்றாலத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சரி, நிறுத்தத்தான் வேண்டுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஃபினாஸ்டரைடு ஒரு சின்ன மாத்திரை, தண்ணீரோடு விழுங்குவது, விரதத்துக்கும் அதற்கும் ஒரு மோதலும் இல்லை. என் குருசாமி பிரஷர் மாத்திரையை இருமுடி கட்டுகிற நாளன்றுகூட விழுங்கிவிட்டுத்தான் வந்தார். இதே வகை மருந்தான டூட்டாஸ்டரைடு சாப்பிடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். அது மென்மையான ஜெலட்டின் உறை போட்ட கேப்ஸ்யூல், ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. சைவ விரதத்தில் மனசு ஒப்பாதவர்கள் உண்டு. அவர்களுக்கு நல்ல செய்தி, அந்த மருந்து உடம்பில் பாதியாகவே ஐந்து வாரம் ஆகும். நீண்ட நாள் சாப்பிட்டு வந்தவர் ஒரு மண்டலம் விட்டாலும் மருந்து உடம்பில் இருந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்கு எழுதியது ஃபினாஸ்டரைடு, அதனால் இந்தச் சிக்கல் இல்லை.

மினாக்சிடில் திரவத்தில் ஆல்கஹால் இருப்பது உண்மை. மருந்தைக் கரைக்கவும், சீக்கிரம் காயவும் அது வேண்டும். தலையில் பட்டதும் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். கொரோனா காலத்தில் மாலை போட்டவர்களும் சானிடைசர் தேய்த்துக்கொண்டார்கள், அதுவும் ஆல்கஹால்தான், அதைக் குடி என்று யாரும் சொல்லவில்லை. இருந்தாலும் விரதம் உங்களுடையது, மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தால் அதை நான் மருந்துக் கணக்கால் பிடுங்க முடியாது. குருசாமியிடம், "இது வாசனைத் தைலம் இல்லை சாமி, டாக்டர் எழுதிய மருந்து" என்று பாட்டிலோடு போய்க் கேட்டுவிடுங்கள். பெரும்பாலான குருசாமிகள் மருந்தைத் தடுப்பதில்லை.

அவர் சரி என்று சொன்னால், விரத நாளில் நேரம் எப்படி ஒதுக்குவது என்று பாருங்கள். அதிகாலை 4 மணி வாக்கில் ஒரு குளியல், மாலை ஒரு குளியல், பச்சைத்தண்ணீர். மருந்து தலையில் குறைந்தது நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். மாலைக் குளியல், சரணம் எல்லாம் முடிந்து, தலை நன்றாக உலர்ந்தபின் இரவு 8 மணிக்கு 1 மி.லி. ஈரத்தலையில் தடவினால் எரியும், அதிகமாகவும் உள்ளே போகும். படுக்கும்போது காய்ந்திருக்கும், விடியற்காலைக் குளியலுக்கு எட்டு மணி நேரம் கிடைக்கிறது. காலை வேளையை விட்டுவிடுங்கள். மினாக்சிடில் தோலில் ஒரு நாளளவு தங்கக்கூடியது, இரண்டு வேளைக்குப் பதில் ஒரு வேளை என்பது நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல். 60 மி.லி. பாட்டிலும் ஒரு மாதத்துக்குப் பதில் இரண்டு மாதம் வரும், விரதம் முழுக்க ஒரே பாட்டில் போதும். தேங்காய் எண்ணெய் வைக்கிற பழக்கம் இருந்தால் மருந்துக்கு முன்னால் வேண்டாம், எண்ணெய்மேல் மருந்து இறங்காது.

ஒரு எச்சரிக்கை. அந்தத் திரவம் தீப்பிடிக்கக்கூடியது. தலையில் தடவி ஈரம் காயாமல் குனிந்து கற்பூரம் ஏற்றாதீர்கள், சன்னிதானத்தில் நெய்த்தேங்காய் எரியும் ஆழிப் பக்கமும் அப்படிப் போகாதீர்கள். மலைக்குப் போய்வரும் மூன்று நான்கு நாளில் பாட்டிலைக் கொண்டு போகவே வேண்டாம், வீட்டில் வைத்துவிடுங்கள். மூன்று நாள், ஐந்து நாள், ஏன், பத்து நாள் விட்டாலும் முடிக்குத் தெரியாது. மாத்திரை அட்டையை மட்டும் தோள்பையில் போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பூனை இருந்தால் பாட்டிலை உயரத்தில் வையுங்கள், தடவிய தலையணையையும் அது நக்காமல் பாருங்கள். மினாக்சிடில் கொஞ்சம் உள்ளே போனாலும் பூனைக்கு உயிர் ஆபத்து.

குருசாமி வேண்டவே வேண்டாம் என்று சொல்லி நீங்களும் அதை ஏற்றால், மினாக்சிடிலை மட்டும் நிறுத்துங்கள், மாத்திரை ஓடட்டும். திரும்பி வந்த அன்றே பழைய அளவில் தொடங்குங்கள். விட்டதை ஈடுகட்டுகிறேன் என்று இரண்டு மடங்கு தடவ வேண்டாம். முடி வேகமாக வராது. நெஞ்சு படபடப்பும் தலைசுற்றலும்தான் வரும். மாத்திரைக்கும் இதே பேச்சு.

விரதச் சாப்பாடும் இதில் சேர்கிறது. ஒரு வேளை சோறும் ரசமும், மற்ற நேரம் காப்பியும் வாழைப்பழமும் என்று ஒரு மண்டலம் ஓட்டி ஐந்தாறு கிலோ இறங்கினால், அதற்கென்று தனியாக ஒரு கொட்டல் அதே தை, மாசியில் வந்து சேரும். அப்போது எது எதனால் என்று மருத்துவராலும் பிரித்துச் சொல்வது சிரமம். பயறு, கடலை, மோர், தயிர் இதெல்லாம் விரதத்துக்கு ஆகாதது இல்லை. நம் பக்கத்துக்காரர்களுக்குப் புட்டும் பயறும் இருக்கவே இருக்கிறது.

மாலை கழற்றியதும் பழனியிலோ வேறெங்கோ மொட்டை போடும் எண்ணம் இருந்தால் போடுங்கள், மயிர்க்கால் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி அதைத் தொடாது. மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பது பொய், நுனி மழுங்கி இருப்பதால் அப்படித் தெரியும். கத்திக் கீறல் ஆறும்வரை, நாலைந்து நாள், மினாக்சிடில் தடவ வேண்டாம்.

இதே கேள்வியை வேறு காரணத்துக்காகக் கேட்கிறவர்களுக்குப் பதில் மாறும். தலை சிவந்து அரித்து, செதில் உதிர்ந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். திரவத்தில் உள்ள புரோப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, நுரையாக வரும் மருந்தில் பொதுவாக அது இருக்காது. மினாக்சிடிலை மாத்திரையாக விழுங்குகிறவர்கள் கால் வீங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மூச்சு வாங்கினாலோ முடியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நீலிமலை ஏறுவதற்கு முன்னால் அவர்கள் ஒரு முறை பிரஷர் பார்த்துக்கொள்வதும் நல்லது. குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களில் விந்தணு எண்ணிக்கை குறைவாக இருப்பவர்களை ஃபினாஸ்டரைடை நிறுத்தச் சொல்வதுண்டு. விந்தணு உருவாகி வர இரண்டரை மாதம் போல ஆவதால் அந்த இடைவெளி மூன்று மாதமாவது இருக்கும், முடிக்காக அதைச் சுருக்கக் கூடாது. கர்ப்பமான பெண்களும் பால் கொடுப்பவர்களும் மினாக்சிடில் போடக் கூடாது, உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கர்ப்பிணிகள் கையாலும் தொடக் கூடாது. ரத்ததானம் செய்ய நினைத்தால் ஃபினாஸ்டரைடை நிறுத்தி ஒரு மாதமாவது, டூட்டாஸ்டரைடு என்றால் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏறக்கூடும் என்பதால்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஃபினாஸ்டரைடு போடும் சிலருக்கு ஆசை குறைவது, விறைப்பில் குறை, மனச்சோர்வு வருவதுண்டு. தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமையும் உறுதிப்படுத்தியது. அப்படி ஏதாவது தோன்றி, அதைச் சொல்லக் கூச்சப்பட்டு விரதத்தைச் சாக்காக வைத்து நிறுத்த நினைக்கிறவர்களும் இருப்பார்கள். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். அது சாக்கே தேவைப்படாத காரணம். நிறுத்துங்கள், மாத்திரையை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

தம்பி, கார்த்திகை 1-க்கு முந்தின நாள் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் ஒரே டியூப்லைட்டுக்குக் கீழே, உலர்ந்த தலையை, உச்சி ஒன்று, நெற்றி இரண்டு பக்கம் என்று மூன்று படம் எடுங்கள். ஈரத்தலையில் எடுத்தால் எல்லோருக்கும் மண்டை தெரியும், வீண் பயம். அதே இடத்தில் மண்டல பூஜை முடிந்து ஒரு முறை, மாசியில் ஒரு முறை, ஆனியில் ஒரு முறை. மாசிப் படம் மோசமாக இருந்தால் பாட்டிலைக் குப்பையில் போடுவதற்கு முன்னால் கடைப்பக்கம் வாருங்கள். பாலருவி ரயில் வரும் ராத்திரி நேரத்துக்கு வந்தாலும் ஷட்டர் திறந்துதான் இருக்கும்.